நானூற்று இருபது

என் அக்கா மகளுக்கு நாலரை வயசு. அவள் போதுமான அளவு ஓடுவதில்லை என்று ஒரு தாள் சொல்கிறது.

அவள் படிக்கிற நர்சரியில் எல்லாக் குழந்தைகளின் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டி, ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு ரிப்போர்ட் அனுப்பினார்கள். ‘தினசரி இலக்கு 60 நிமிடம். உங்கள் குழந்தை 38 நிமிடம்.’ 38 மட்டும் சிவப்பில். அக்கா போன் பண்ணினாள். “ஏன்டா, இவ ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறா, இதுல இப்படிப் போட்டிருக்கான். நீ கம்ப்யூட்டர் ஆளுதானே, என்னன்னு பாரு.”

பார்த்தேன். 60 எங்கிருந்து வந்தது என்பது சுலபம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்: மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் தினமும் 180 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி. அதோடு எனக்குச் சண்டையில்லை. சண்டை அந்த 38-உடன்.

பட்டைக்குள் இருப்பது ஆக்ஸிலரோமீட்டர். அதற்கு விளையாட்டு தெரியாது. தன்னை எவ்வளவு குலுக்குகிறார்கள் என்பது மட்டும் தெரியும். அந்தக் குலுக்கலைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை கூட்டி எண்ணாக்குவார்கள். ஆய்வாளர்கள் அதை ‘கவுன்ட்’ என்பார்கள். ஒரு கோட்டுக்கு மேலே போனால் சுறுசுறுப்பு, கீழே என்றால் கணக்கில் இல்லை.

அந்தக் கோட்டை எங்கே போடுவது? அமெரிக்காவில் ரஸல் பேட் குழுவினர் 2006-இல் முப்பது மழலையருக்கு ஆக்டிகிராஃப் கருவியை மாட்டி, மூச்சில் ஆக்ஸிஜனை அளந்து, 15 விநாடிக்கு 420 கவுன்ட் என்றார்கள். (நம்மூரில் 420-க்கு வேறு அர்த்தம் உண்டு. அது தற்செயல்.) அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு கட்டுரையில், நான்கு வயதுக்கு 812. இரண்டிலும் பேட்டின் பெயர் இருக்கிறது! அவரைக் குறை சொல்லவில்லை. ஆராய்ச்சி இப்படித்தான் நடக்கும், திருத்திக்கொண்டே போகும். ஆனால் 15 விநாடியில் 600 எடுத்த பிள்ளை ஒரு கட்டுரைப்படி ஓடியது, இன்னொன்றின்படி ஓடவில்லை. பிள்ளை மாறவில்லை.

‘15 விநாடி’யும் யாரோ எடுத்த முடிவுதான். 1995-இல் பெய்லியும் சகாக்களும் குழந்தைகளை மூன்று விநாடிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே பார்த்தார்கள். ஆறிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகள். அவர்களுடைய தீவிரமான ஓட்டங்களில் பாதி மூன்று விநாடிக்கு மேல் நீளவில்லை. நம்மைப் போல ட்ரெட்மில்லில் அரை மணி நேரம் யாரும் ஓடுவதில்லை. பாய்வார்கள், நிற்பார்கள், எறும்பைப் பார்ப்பார்கள், மறுபடி பாய்வார்கள். ஒரு நிமிடக் கூட்டலாக வைத்தால் பாய்ச்சல் எறும்புக்குள் கரைந்துபோகும்.

இடுப்பில் கட்டினால் சைக்கிள் மிதிப்பது கிட்டத்தட்ட தெரியாது. மணிக்கட்டில் கட்டினால் கை ஆட்டினாலே ஓட்டம். இடுப்புக்குப் போட்ட கோடு மணிக்கட்டுக்குச் செல்லாது. மண்ணை வாளியில் நிரப்பித் தூக்க முடியாமல் தூக்கிப்போகும் பாரம் இரண்டிலும் சரியாக விழாது. தொடர்ந்து இருபது நிமிடம் பூஜ்யம் வந்தால் ‘கருவியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள்’ என்று அந்த நேரத்தையே நீக்குகிற ஆய்வுகள் உண்டு. ஆடாமல் அசையாமல் கதை கேட்ட பிள்ளையும் அதோடு சேர்ந்து காணாமல் போகலாம்.

ஆயிரம் குழந்தைகளின் சராசரியைப் பார்க்கிற ஆய்வாளருக்கு இதெல்லாம் தெரியும். எந்தக் கோடு, எத்தனை விநாடி, எங்கே கட்டினோம் என்று கட்டுரையிலேயே எழுதிவிடுவார். அதை அப்படியே ஒரே ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணாக்கி, அம்மா கையில் சிவப்பில் கொடுப்பதுதான் அயோக்கியத்தனம். நானும் டாஷ்போர்டு செய்து சம்பளம் வாங்குகிறவன்தான். நிச்சயமில்லாத எண்ணுக்கு நிறம் பூசினால் நிச்சயமாகிவிடும், தெரியும்.

பட்டை கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டேன். எந்தக் கோடு வைத்திருக்கிறீர்கள்? “அது எங்க அல்காரிதம் சார்.” குழந்தைகளில் சரிபார்த்தீர்களா? “டீமைக் கேட்டுச் சொல்றேன் சார்.” இன்னும் சொல்லவில்லை. ஆக்டிகிராஃபே தன் கவுன்ட்டை எப்படிக் கணக்கிடுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னது 2022-இல்தான். அதுவரை அந்தப் பெட்டியை நம்பித்தான் எத்தனையோ கட்டுரைகள்.

அக்காவிடம் சொன்னேன், தாளைத் தூக்கிப் போடு என்று. அவள் போடவில்லை. சாயங்காலம் பார்க்கில் “இன்னும் ஒரு ரவுண்டு, இன்னும் ஒரு ரவுண்டு” என்று பின்னாலேயே போக ஆரம்பித்தாள்.

பாப்பா வேறு வழி கண்டுபிடித்துவிட்டாள். சோபாவில் சாய்ந்து கார்ட்டூன் பார்த்தபடி பட்டை கட்டிய கையை மட்டும் டக்டக்கென்று ஆட்டுகிறாள். இரண்டாம் வார ரிப்போர்ட்: 71 நிமிடம். பச்சை.