கல்மரம் பேச ஓர் ஆள் வேண்டும்

வடலூர்ச் செம்மண்ணுக்கு அடியில் கிடக்கும் கடலூர் மணற்கல்லைப் பிள்ளைகள் கையில் கொடுத்துத்தான் பாடம் தொடங்குவேன். அதே மணற்கல்லில்தான் திருவக்கரைக் கல்மரங்களும் புதைந்திருந்தன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமை. அங்கே கூட்டிப்போனபோது ஒரு சிறுமி கட்டையைத் தட்டிப் பார்த்து, "இது புளியமரமா சார்?" என்றாள். எவ்வளவு நல்ல கேள்வி! புளியின் குடும்பத்து மரங்களும் அங்கே அடையாளம் காணப்பட்டிருக்கின்றன.

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு என் அறிவு போதாது. சனிக்கிழமைதோறும் நிலவியல் அறிஞர் ஒருவர் திருவக்கரையில் அரைமணி நேரம் தமிழில் பேச வேண்டும். நெய்வேலியில் தாவரம் பழுப்பு நிலக்கரியானது, திருவக்கரையில் சிலிக்கா ஊறிக் கல்லானது. ஏன் இந்த வேறுபாடு? பூதக்கண்ணாடி கொடுத்து, மரத்தின் வரிகளைக் காட்டிச் சொல்லட்டும். பிள்ளைகள் வந்துபோகும் பேருந்துக் காசை நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம்.