காசநோயும் உடலின் காவலும்

இலங்கையில் காசநோயாளர் அதிகம் பதிவாகும் மாவட்டம் கொழும்பு. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான குடியிருப்புகளும் வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளும் இதை அலட்சியம் செய்ய முடியாது. இந்நோய் காற்றில் பரவுகிறது.

நுரையீரலுக்குள் நுழையும் பற்றீரியாவைப் பெருவிழுங்கிக் கலங்கள் விழுங்குகின்றன. ஆனால் அது அழியாமல் அந்தக் கலங்களுக்குள்ளேயே தங்கிவிட வல்லது. பின்னர் ரி-கலங்கள் என்னும் நோயெதிர்ப்புக் கலங்கள் இன்டர்பெரோன் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து பெருவிழுங்கிகளுக்கு வலுவூட்ட, கலங்கள் திரண்டு கிருமியை முற்றுகையிடுகின்றன. தொற்றுக்குள்ளானோரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேரே வாழ்நாளில் நோயாளராவது இதனால்தான். நீரிழிவு, புகைத்தல், போசாக்கின்மை, எச்.ஐ.வி. தொற்று ஆகியவை இந்தக் காவலைத் தளர்த்துகின்றன.

1921 இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசி குழந்தைகளைக் கடும் காசநோயிலிருந்து காக்கிறது. வளர்ந்தோருக்கு அதன் பாதுகாப்புப் போதாது. சிறந்த தடுப்பூசி பிறக்க, கிருமிக்குக் கலங்கள் காட்டும் எதிர்வினையைத் துல்லியமாக அறிய வேண்டும். எமது பல்கலைக்கழகங்களின் நோயெதிர்ப்பியல் ஆய்வுகளுக்கு அரசு தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும்.

இருமல் இரண்டு வாரங்களைத் தாண்டினால் அரச மார்பு சிகிச்சை நிலையத்தை நாடுங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையை இடைநிறுத்தாமல் முடிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் குணமடைகின்றனர். நோயாளரை ஒதுக்காமல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது அயலவர் அனைவரினதும் கடமை.