பள்ளிக்கும் உண்டு ‘அப்ரைசல்’: எலெக்ட்ரானிக் சிட்டி அரசுப் பள்ளிகளின் ஆண்டுத் திட்டத்தை யார் எழுதுகிறார்கள், யார் படிக்கிறார்கள்?

மார்ச் மாதம் நெருங்கினால் எலெக்ட்ரானிக் சிட்டியில் ரெண்டு விதமான அப்ரைசல் நடக்கும். ஒன்று கேம்பஸுக்குள்ளே: செல்ஃப் ரிவ்யூ, ரேட்டிங், ஹைக். அது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று காம்பவுண்ட் சுவருக்கு வெளியே. கோணப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர், ஹெப்பகோடி மாதிரி ஊர்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகள், ‘இந்த வருஷம் என்ன செய்தோம், அடுத்த வருஷம் என்ன வேண்டும்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டிய காலம் அது.

அந்தக் காகிதத்துக்குப் பெயர் பள்ளி வளர்ச்சித் திட்டம். கன்னடத்தில் ‘ஷாலா அபிவிருத்தி யோஜனே’. ஏதோ ஆபீஸ் ஃபார்மாலிட்டி மாதிரித் தெரியலாம். ஆனா சட்டப்படி, ஒரு பள்ளிக்கு அரசு எவ்வளவு பணம் தர வேண்டும் என்பதற்கே அதுதான் அடிப்படை. நம் வீட்டில் சமைக்கும் அக்காவின் பிள்ளையும், அபார்ட்மென்ட் செக்யூரிட்டி அண்ணனின் பிள்ளையும் மூன்றாம் வகுப்பு முடிக்கும்போது ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிப்பார்களா என்பது இந்தத் திட்டத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதையும் பொறுத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 21-வது பிரிவுப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 22-வது பிரிவு, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை இந்தக் குழுவிடம் கொடுக்கிறது. அரசின் திட்டங்களும் மானியங்களும் அதை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

திட்டத்தில் என்ன இருக்க வேண்டும்? மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி இது மூன்று ஆண்டுத் திட்டம். அதற்குள் மூன்று ஆண்டுத் துணைத் திட்டங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள், கூடுதலாக எத்தனை ஆசிரியர்கள் தேவை, என்ன கட்டடம், என்ன சாதனங்கள், எவ்வளவு பணம் என எல்லாம் வருடவாரியாக எழுத வேண்டும். குழு மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும், கூட்டக் குறிப்புகள் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

கர்நாடகத்துக்கு இது புதுசு இல்லை. ராஜா ராமண்ணா தலைமையிலான கல்விப் பணிக்குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 2001-லேயே இங்கே எஸ்டிஎம்சி எனப்படும் பள்ளி வளர்ச்சி மற்றும் கண்காணிப்புக் குழுக்கள் வந்துவிட்டன. கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு எட்டு வருஷம் முன்பே!

பள்ளியிலிருந்து டெல்லி வரை

காகிதத்தில் இது கீழிருந்து மேலே போகும் பயணம். பள்ளித் திட்டங்கள் வட்டாரத்தில் சேர்ந்து, மாவட்டத் திட்டமாகி, மாநிலத் திட்டமாகி, ‘சமக்ர சிக்ஷா’ திட்டத்தின் ஒப்புதல் வாரியத்துக்கு டெல்லிக்குப் போகும். அங்கே ஒப்புதல் கிடைத்ததும் பணம் கீழே இறங்கும். பெரும்பாலான மாநிலங்களைப் போல கர்நாடகத்திலும் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம்.

இங்கதான் முதல் சிக்கல். பள்ளியின் கைக்கு நேரடியாக வரும் ஒருங்கிணைந்த மானியத்தின் அளவை, பள்ளி எழுதிய திட்டம் தீர்மானிப்பதில்லை. மாணவர் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. 30 பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் 1 லட்சம். ஆசிரியர் சம்பளமும் புதுக் கட்டடமும் இதில் சேராது. சாக்பீஸ், மின் கட்டணம், சின்னச் சின்னப் பழுதுபார்ப்பு, சுத்தம் எல்லாம் இதற்குள்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு டூ பிஎச்கே வீட்டின் மாத வாடகையைப் பக்கத்தில் வைத்து இந்த எண்களைப் பாருங்கள்.

என்ன எழுதினாலும் வரப்போவது அதே தொகைதான் என்று தெரிந்தால், யார்தான் மெனக்கெட்டு எழுதுவார்கள்? போன வருஷத்துத் தாளில் தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்ற எண்ணம் வர அதிக நேரம் ஆகாது.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

ரெண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. திட்டத்தின் படிவம் கேட்பது எண்ணிக்கை, ஆசிரியர், கட்டடம், பணம். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்ற கேள்விக்கு அதில் தனி இடமே இல்லை.

அது எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு ஏசர் ஆய்வின் எண்களே போதும். இந்திய கிராமப்புற அரசுப் பள்ளிகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-ல் 20.9 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் 16.3. 2024-ல் ஏறி 23.4. இந்த ஏற்றம் நல்ல செய்திதான். ஆனாலும் நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு இன்னும் அது வரவில்லை. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாருக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் என்பது 2021 ஜூலையில் தொடங்கிய ‘நிபுண் பாரத்’ இயக்கத்தின் குறிக்கோள். கெடு 2026-27.

எலெக்ட்ரானிக் சிட்டி மாதிரி இடத்தில் அளப்பது இன்னும் கஷ்டம். இங்குள்ள அரசுப் பள்ளிகளைச் சுற்றி வட கர்நாடகம், கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஒடிசா, பீகார் என்று பல இடங்களிலிருந்து கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு சைட் முடிந்தால் அடுத்த சைட். தொட்டதோகூரிலிருந்து ஹெப்பகோடிக்கு வீடு மாறினால் தூரம் சில கிலோமீட்டர்தான். ஆனா முன்னது பெங்களூரு தெற்குத் தாலுகா, பின்னது ஆனேக்கல் தாலுகா. பிள்ளை ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுகிறது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். மூன்றாம் வகுப்பில் ஜூனில் 30 பிள்ளைகள். அதில் 12 பேர் ஒரு பத்தியைப் படிப்பார்கள். அதாவது 40 சதவீதம். நடுவில் 10 பேர் ஊர் மாறிப் போகிறார்கள். அவர்களில் 6 பேர் படிக்கத் தெரிந்தவர்கள். புதிதாக 10 பேர் வருகிறார்கள். மார்ச்சில் அவர்களில் ஒருவர்தான் படிக்கிறார். வருடம் முழுக்க அதே பள்ளியில் இருந்த 20 பேரில், ஜூனில் 6 பேர் படித்தார்கள். மார்ச்சில் 12 பேர் படிக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் என்ன வரும்? 30-க்கு 13, அதாவது 43 சதவீதம். ‘வெறும் மூன்று புள்ளி முன்னேற்றம்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனா உண்மையில் நடந்தது ரெண்டு விஷயம். இருந்த பிள்ளைகளில் படிக்கத் தெரிந்தவர்கள் 30 சதவீதத்திலிருந்து 60-ஆக, ரெண்டு மடங்கு ஆகியிருக்கிறார்கள். அது டீச்சரின் உழைப்பு. புதிதாக வந்தவர்களில் ஒன்பது பேர் திணறுகிறார்கள். அவர்களுக்குத் தனி உதவி வேண்டும். சராசரி இந்த ரெண்டையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

அமெரிக்கா கற்ற பாடம்

‘அப்போ எல்லாருக்கும் ஒரு பரீட்சை வைத்து, டார்கெட் கொடுத்தால் என்ன?’ என்று தோன்றும். அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. 2002-ல் கையெழுத்தான ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ என்ற சட்டம், பள்ளிகள் ஒவ்வொன்றும் ‘போதுமான ஆண்டு முன்னேற்றம்’ காட்ட வேண்டும் என்றது. 2013-14-க்குள் 100 சதவீத மாணவர்களும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும். தொடர்ந்து தவறினால் பள்ளி முன்னேற்றத் திட்டம் எழுத வேண்டும். பிறகு தண்டனைகள் படிப்படியாகக் கூடும்.

அதில் ஒரு நல்லது நடந்தது. ஏழைகள், கறுப்பினத்தவர், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் என ஒவ்வொரு பிரிவின் முடிவையும் தனித்தனியாக வெளியிட வேண்டியிருந்தது. சராசரிக்குப் பின்னால் ஒளிய முடியவில்லை. கெட்டதும் நடந்தது. அட்லாண்டாவில் 2011-ல் வெளியான மாநில விசாரணை, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் அதிகாரிகளும் தேர்வு முறைகேட்டில் ஈடுபட்டதாகச் சொன்னது. விடைத்தாள்களைப் பெரியவர்களே திருத்தி மதிப்பெண்ணைக் கூட்டியிருந்தார்கள். 100 சதவீதம் எட்டவே முடியாது என்று தெரிந்து பல மாநிலங்கள் விலக்கு வாங்கின. 2015 டிசம்பரில் வேறு சட்டம் வந்தது.

கர்நாடகமும் இதே கேள்வியில் இடறியது. 2023-24-ல் 5, 8, 9, 11-ம் வகுப்புகளுக்கு மாநில வாரியம் மூலம் தேர்வு என்று அரசு அறிவித்தது. கற்றல் நிலையைத் தெரிந்துகொள்ளத்தான் என்றது அரசு. தொடக்கக் கல்வி முடியும்வரை வாரியத் தேர்வு கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு. வழக்கு உயர் நீதிமன்றத்தில் மேலும் கீழும் போய், 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவுகளை வெளியிடத் தடை போட்டது. அரசு, பள்ளிகள், நீதிமன்றம் என்று மூன்று பேரும் மோதிக்கொண்ட அந்த மாதங்களில் தேர்வு இருக்கா இல்லையா என்றே தெரியாமல் இருந்தவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள்.

விடை கைக்கு எட்டும் தூரத்திலேயே

வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் தனியாகப் பார்க்கும் முறை கர்நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. 1990-களில் மைசூரு மாவட்டம் எச்.டி. கோட்டேயில் தொடங்கிய ‘நலி கலி’ முறையில், சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்றல் ஏணி உண்டு. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது அட்டவணையில் தெரியும். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கேற்பக் குழுக்கள் உண்டு.

டீச்சருக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரியும். அந்தத் தகவல் ஆண்டுத் திட்டத்துக்குள் ஏறுவதில்லை என்பதுதான் பிரச்சினை. ‘புதிதாக வந்த 10 பேரில் 9 பேருக்குக் கன்னடம் படிக்க வரவில்லை, மூன்று மாதச் சிறப்புப் பயிற்சியும் ஒரு கூடுதல் ஆசிரியரும் தேவை’ என்று ஒரு வரி திட்டத்தில் இருந்தால், அது சட்டப்படியான கோரிக்கை. வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி என்பது சட்டத்தின் 4-வது பிரிவு கொடுக்கும் உரிமை.

அந்த வரியை யார் எழுதுவது? பெற்றோர்தான். ஆனா கூட்டம் வேலை நாளில் நடந்தால், தினக்கூலிக்குப் போகும் அம்மாவுக்கு அன்றைய சம்பளம் போகும். அதை ஈடுசெய்யக் கல்வி உரிமைச் சட்டத்தில் வழி எதுவும் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த அம்மாவுக்குக் கூட்டத்தில் பேசும் கன்னடம் பாதிதான் புரியும். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவார்.

சரி, இதில் நமக்கு என்ன?

நிறைய இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013-ன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருமானமோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் ஆபீஸ் டீம் சனிக்கிழமை பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறதா? போவதற்கு முன் ஒரு கேள்வி: அந்தப் பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தில் முதல் தேவையாக என்ன எழுதியிருக்கிறது? பெயின்ட் என்றால் அடியுங்கள். வாசிப்புப் பயிற்சிக்கு ஆள் என்றால், ஒரு நாள் போட்டோவை விட ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகள்தான் உதவும்.

இன்னும் சில விஷயங்கள்:

யுடைஸ் பிளஸ் தளத்தில் எந்தப் பள்ளியின் அறிக்கை அட்டையையும் பார்க்கலாம். வகுப்பறை, கழிப்பறை, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4 என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. ஒப்பிட்டுப் பாருங்கள்.

வளர்ச்சித் திட்டத்தையும் கூட்டக் குறிப்பையும் பள்ளியில் கேட்கலாம். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் வேலை செய்பவர் எஸ்டிஎம்சி உறுப்பினராக இருந்தால், கூட்ட நாளில் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுங்கள். கன்னடம் தெரிந்த நீங்கள் அந்தத் திட்டத்தைத் தமிழில் படித்துச் சொல்ல அரை மணி நேரம் போதும்.

டிசி இன்னும் வரவில்லை, வயதுச் சான்று இல்லை என்று சொல்லி ஒரு பிள்ளைக்குச் சேர்க்கையை மறுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆதார் இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஊர் மாறி வந்த பல பெற்றோருக்கு இது தெரியாது. தெரியப்படுத்துவது நம் கையில் இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். குழுவின் நாற்காலி பெற்றோருடையது. லேப்டாப்போடு போய் நாமே அழகான ஸ்லைடு போட்டுத் திட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டால், மேலிருந்து வரும் இன்னொரு சர்க்குலராகத்தான் அதுவும் மாறும். கேள்வியை அவர்கள் கேட்கட்டும்: ‘என் பொண்ணு ஜூன்ல எந்தப் படியில இருந்தா, இப்ப எந்தப் படியில இருக்கா?’ அதற்குப் பதில் சொல்லும் திட்டம்தான் முன்னேற்றத் திட்டம்.