நல்ல வைன் யாருடைய வைன்?

நல்லது இது, தாழ்ந்தது இது என்று தீர்ப்புக் கூறும் உரிமையை ஒரு சிறு கூட்டத்தார் தமக்கென ஒதுக்கிக்கொள்வது கலைத்துறையில் மட்டும் நிகழ்வதன்று. உணவிலும் உடையிலும் குடிவகையிலும் அதுவே நிகழ்கின்றது. பெரும்பான்மை மக்கள் ஒன்றை விரும்பத் தொடங்கியதும், அப் பொருள் தரங்கெட்டது என்பதற்கு மக்களின் விருப்பமே சான்றாகக் காட்டப்படுகின்றது. இத் தீர்ப்பை எதிர்ப்பதாகக் கூறும் நாமோ, தரம் என்ற சொல்லையே அக் கூட்டத்தாரிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றோம். இது பெருந் தவறு.

பினோ கிரிஜியோ என்னும் இத்தாலிய வெள்ளை வைனை எடுத்துக்கொள்வோம். மெல்லிய உடலும் கூரிய புளிப்பும், பேரிக்காயையும் எலுமிச்சையையும் நினைவூட்டும் மணமும் கொண்டது, குளிரவைத்துப் பருகப்படுவது. இன்று உலகச் சந்தையில் மிகுதியாக விலைபோகும் வெள்ளை வைன்களுள் அதுவும் ஒன்று. வைன் சுவைஞர் எனத் தம்மை எண்ணிக்கொள்வோருட் பலர் அதன் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ் சுளிப்பர். நிறமுமில்லை, குணமுமில்லை, அறியாதார் குடிக்கும் நீர் என்பது அவர் கட்சி. நம்மவருள் வேறு சிலரோ, கூலியும் நிலமும் பேச வேண்டிய இடத்தில் வைன் போத்தலைப் பற்றிப் பேசுவது பூர்ஷ்வா ஆடம்பரம் என்பர். இவ்விரு சாராரும் தம்முட் பகைவர் போலத் தோன்றினும் பயனால் ஒன்றுபடுகின்றனர். இருவரும் விலகிக்கொண்டபின் போத்தலைத் தெரிந்து தரும் வேலை விளம்பரக்காரனிடம் போய்ச் சேருகின்றது.

குடியாதவரைக் குடிக்கத் தூண்டுவது இக் கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் வைன் எங்கும் ஆடம்பரம் என்று கூறுவார் இத்தாலியை அறியாதவர். வெனிசு நகரத்தின் சிறு கடைகளில் நின்றபடியே பருகப்படும் ஒரு சின்னஞ்சிறு கிண்ணம் வைனுக்கு ‘ஒம்பிரா’ என்று பெயர். நிழல் என்பது அதன் பொருள். சோற்றோடும் உழைப்போடும் சேர்ந்த பொருள் அங்கு அது. மக்களின் உணவு எத்தகையது, அதனை ஆக்குபவர் யார், அதன் ஊதியம் எவரைச் சேருகின்றது என்பன நமது கேள்விகளாயின், வைனும் அக் கேள்விகளுக்கு உட்பட்டதே.

‘கிரிஜியோ’ என்றால் சாம்பல் நிறம். கறுப்பு முந்திரிகையான பினோ நுவாரின் நிறம் திரிந்து பிறந்த வகை இது; பழத்தின் தோல் சாம்பல் பூத்த இளஞ்சிவப்பாக இருக்கும். இத்தாலியின் வடகிழக்கில் பழச்சாற்றைத் தோலோடு சில காலம் ஊறவிட்டுச் செப்பு நிறமான வைன் செய்யும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. செம்பின் நிறத்தால் அதற்கு ‘ராமாத்தோ’ என்று பெயர். 1961ஆம் ஆண்டில் சாந்தா மார்கெரித்தா என்னும் நிறுவனம் தோலை உடனே நீக்கிப் பளிங்கு போன்ற வெள்ளை வைனை ஆக்கியது. அவ்வாறு செய்ததில் தானே முதல் என்று அது உரிமை பாராட்டுகின்றது. 1979ஆம் ஆண்டில் அந்த வைன் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்றது. அதன் பின்னரே பினோ கிரிஜியோ என்ற பெயர் உலகறிந்த பெயராயிற்று.

அந் நிறுவனத்தை 1935இல் தோற்றுவித்தவர் கயெத்தானோ மார்சொட்டோ என்னும் பிரபு. வல்தாஞ்ஞோ என்ற ஊரிலே பெரும் கம்பளி ஆலைகளை நடத்திய குடும்பத்தவர் அவர். 1968 ஏப்ரில் 19ஆம் நாள், வேலைப்பளுவை எதிர்த்துக் கிளர்ந்த அவ் ஆலைத் தொழிலாளர் ஊர்ச் சதுக்கத்தில் நின்ற மார்சொட்டோ சிலையை இழுத்து வீழ்த்தினர். இத்தாலியத் தொழிலாளர் வரலாற்றில் அந் நாள் குறிக்கப்பட்டுள்ளது. சிலை வீழ்ந்ததால் வைன் புளித்துப்போய்விடவில்லை என்பது உண்மையே. ஆனால் இந்த வைனின் புகழுக்குப் பின்னே மலைச்சாரலும் குளிர்காற்றும் மட்டுமன்றி ஆலை முதலும் இருந்தது என்பதனை விளம்பரப் படங்கள் காட்டா.

புகழ் வந்ததும் என்ன நடந்தது? சமவெளிகளில் முந்திரிகை பெருகியது. 2017இல் வெனெத்தோ, பிரியூலி, திரெந்தீனோ ஆகிய பகுதிகளை உள்ளடக்கி ‘தெல்லே வெனெத்சியே’ என்ற பெயரில் ஒரே சட்டபூர்வ மண்டலம் அமைக்கப்பட்டது. ஆண்டுதோறும் இருபது கோடிக்கு மேற்பட்ட போத்தல்கள் அம் மண்டலத்தின் பெயரைத் தாங்கி வெளிவருகின்றன. ஒரு ஹெக்டேயரில் 18 தொன் வரை பழம் பறிக்க அதன் விதி இடமளித்தது. மலைப்பகுதிகளின் வரம்பு இதனிற் பெரிதுங் குறைந்தது.

இந்த எண்ணின் பொருளை எந்த உழவனும் அறிவான். ஒரு கொடி தாங்கக்கூடிய சுவைக்கு ஓர் அளவுண்டு. பழத்தின் எண்ணிக்கையைப் பெருக்கினால் ஒவ்வொரு பழத்தின் சாரமும் குறையும். மேலும் இவ்வகைப் பழம் முதிர முதிரப் புளிப்பை விரைந்து இழக்கும் இயல்பினது. வெப்பமான சமவெளியிற் பயிரிடுவோன், புளிப்பைக் காக்க வேண்டுமாயின் பழம் முற்றுமுன்னரே பறித்தாக வேண்டும். பறித்தால் புளிப்பு இருக்கும், மணம் இராது. மலைச்சாரலில் பகல் வெப்பம் பழத்தை முதிர்விக்க, இரவுக் குளிர் புளிப்பைக் காக்கின்றது. அங்கே இரண்டும் கூடி வருகின்றன. ஆகவே குணமில்லை என்று சுவைஞர் குறைகூறுவது பழத்தின் குறையுமன்று, அதனை விரும்பிய மக்களின் குறையுமன்று. பெயரை விற்பதற்காகக் கொடியைக் கறந்த வாணிகத்தின் குறை அது.

‘சுவை அவரவர் நாவைப் பொறுத்தது, விரும்பியதை வாங்கிக் குடிக்கட்டும், இதில் ஆராய்ச்சி எதற்கு?’ என்று கேட்போருமுளர். கேட்பதற்கு இது சனநாயகம் போலத் தொனிக்கும். ஆனால் வேறொன்றைச் சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பே இல்லாதவனின் விருப்பத்தை விருப்பம் என்று சொல்லலாமா? கடையின் கண்மட்டத்துத் தட்டில் எது வைக்கப்படுகின்றதோ அதுவே பெரும்பாலாரின் விருப்பமாகின்றது. அத் தட்டில் எது இருப்பது என்பதை நாவு தீர்மானிப்பதில்லை. மொத்த வியாபாரத்தின் பேரம் தீர்மானிக்கின்றது.

விலையைக் கொண்டு தரத்தை அறியலாமே எனின், அதற்கும் ஒரு கணக்குப் பார்ப்போம். 2023 ஜூலையில் பிரித்தானியாவில் 75 சென்ரிலீற்றர் வைன் போத்தலின் மதுவரி 2 பவுண் 23 பென்ஸ். பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 20 வீதம். ஐந்து பவுண் கொடுத்து ஒரு போத்தல் வாங்கியவர் 83 பென்சைப் பெறுமதி சேர் வரியாகவும் 2 பவுண் 23 பென்சை மதுவரியாகவும் கொடுத்தார். எஞ்சியது 1 பவுண் 94 பென்ஸ். போத்தல், அடைப்பான், கப்பற் கூலி, கடைக்காரரின் இலாபம் யாவும் அதற்குள் அடங்க வேண்டும். கொடியை வளர்த்தவனுக்கு மிஞ்சியது சில்லறை. எட்டுப் பவுண் போத்தலிலோ வரிகள் போக 4 பவுண் 44 பென்ஸ் எஞ்சியது. மூன்று பவுண் கூடியதும் எஞ்சியது இருமடங்குக்கு மேலாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மதுவரி மதுசார வலிமைக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டது. எண்கள் மாறின; கணக்கின் பாடம் மாறவில்லை. மிக மலிவான போத்தலில் மக்கள் வாங்குவது பெரும்பாலும் வரியும் கண்ணாடியுமே. மறுபுறத்தே, ஓர் எல்லைக்கு மேல் ஏறும் விலை கொடிக்குச் செல்வதில்லை. பெயருக்கும் விளம்பரத்துக்குமே செல்கின்றது. இவ்விரு பொறிகளுக்கும் இடையிலேதான் நல்ல போத்தல் இருக்கின்றது.

அதனை ஆக்குவோர் யார்? இவ்விடத்திலேதான் நமது வாசகர் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இத்தாலியின் வடகோடியிலுள்ள அல்தோ அதிஜே மலைநாட்டில் ஏறக்குறைய 5,000 சிறு பயிர்ச்செய்கையாளர் சுமார் 5,500 ஹெக்டேயரில் முந்திரிகை வளர்க்கின்றனர்; சராசரி ஒருவருக்கு ஒரு ஹெக்டேயரளவு. அந் நாட்டு வைனில் ஏறக்குறைய நூற்றுக்கு 70 வீதத்தை ஆக்குவன கூட்டுறவுச் சங்கங்கள். தெர்லானோ சங்கம் 1893இலும் திரமீன் சங்கம் 1898இலும் தோன்றின. தனித்து நின்றால் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையசைக்க வேண்டிய சிறு விவசாயிகள், ஒரே ஆலையில் பழத்தைப் பிழிந்து ஒரே நிலவறையில் வைனை ஆக்கி ஒன்றாக விலை பேசினர். திரமீன் சங்கத்தின் ‘உன்தெரெப்னர்’ என்னும் பினோ கிரிஜியோ இத்தாலியின் சிறந்த பினோ கிரிஜியோக்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. கூட்டு முயற்சியால் அளவைப் பெருக்கலாம், தரத்தை உயர்த்த முடியாது. தரம் தனிமனிதன் மேதைமையின் குழந்தை என்று ஓயாது உபதேசிப்போருக்கு இதனிலும் தெளிவான மறுமொழி வேண்டுமா?

இந் நாடு 1919இல் இத்தாலியோடு சேர்க்கப்பட்டது. மக்களிற் பெரும்பாலார் ஜேர்மன் மொழி பேசுவோர். முசோலினியின் ஆட்சி அவர்தம் மொழிப் பாடசாலைகளை மூடியது. ஊர்ப் பெயர்களை மாற்றியது. இன்று அவர்களது போத்தலின் லேபலில் ‘சூட்திரோல்’ என்ற ஜேர்மன் பெயரும் ‘அல்தோ அதிஜே’ என்ற இத்தாலியப் பெயரும் அருகருகே நிற்கின்றன. வாங்குவோருக்கு இதுவே ஒரு நல்ல அடையாளமுமாகும்.

கூட்டுறவு என்ற பெயர் ஒரு மந்திரமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பழத்தை எடைக்கு மட்டும் விலை கொடுத்து வாங்கிய காலத்தில் கூட்டுறவுச் சங்கங்களும் தண்ணீர் போன்ற வைனையே ஆக்கின. அங்கத்தவர் தமக்குள்ளே விவாதித்து, குறைந்த விளைச்சலுக்கும் உயர்ந்த தரத்துக்கும் கூடிய விலை என்ற விதியை ஏற்ற பின்னரே மாற்றம் வந்தது. வியாபாரியின் கணக்கையே பின்பற்றும் கூட்டுறவு, பெயரளவிற் கூட்டுறவாயினும் நடைமுறையில் வியாபாரியே. கூட்டுறவில் நம்பிக்கையுடையோர் இதனை மறைத்தல் ஆகாது.

லேபல் சொல்லாத வேறொன்றும் உண்டு. பழத்தைப் பறித்தவர் எவர் என்பதை அது ஒருபோதும் சொல்வதில்லை. இடைத்தரகர் மூலம் கூலிக்கு ஆள் பிடித்து, அவர்தம் கூலியிலே பங்கு பறிக்கும் கொடுமை இத்தாலிய வயல்களில் வேரோடியிருந்தமையாலேயே 2016இல் 199ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்தமை கொடுமை ஒழிந்தமைக்குச் சான்றன்று. சுவைஞரின் நூல்கள் மண்ணின் சுண்ணாம்பையும் காற்றின் திசையையும் பக்கம் பக்கமாக வருணிக்கின்றன. அம் மண்ணிலே குனிந்து நிற்கும் மனிதனுக்கு அங்கே ஒரு வரியுமில்லை. சுவை எங்கிருந்து வருகின்றது என்று ஆராய்பவர் பாதி வழியில் நின்றுவிடுகின்றார்.

இனி, ஒருவர் நல்ல போத்தலைத் தெரிவது எப்படி? பெரிய பெயரைப் பார்க்குமுன் சிறிய எழுத்தைப் பார்க்க வேண்டும். மண்டலம் எது என்று முதலிற் காண்க: அல்தோ அதிஜே, பிரியூலியின் கொல்லியோ போன்ற மலைப்பகுதிப் பெயர்கள், மூன்று பிரதேசங்களைப் போர்த்தும் பெரும் பெயரினும் உறுதியானவை. ‘இம்பொத்தில்யாத்தோ அல்லோரிஜினே’ என்றிருந்தால், பழத்தை வளர்த்தவரோ அவர்தம் சங்கமோ போத்தலில் அடைத்தது என்று பொருள். ‘கன்தீனா சொச்சாலே’ என்பது கூட்டுறவைக் குறிக்கும். ஆண்டு அண்மையதாக இருக்கட்டும். சாதாரணமான பினோ கிரிஜியோ ஓரிரு ஆண்டுகளுள் பருகத்தக்கது. லேபலில் உள்ள ஆண்டும் பழத்தின் பெயரும் நூற்றுக்கு 85 வீதத்துக்கே ஐரோப்பிய விதிப்படி உத்தரவாதம் என்பதையும் மனத்திற் கொள்க. வெள்ளைக் கண்ணாடிப் போத்தல் விளக்கொளியில் நின்றால் வைனின் மணம் கெடும். தட்டின் முகப்பில் பளபளப்பதைத் தவிர்த்து நிழலில் இருப்பதை எடுப்பது நன்று. திருகுமூடி இழிவன்று. பருகும்போது 8 முதல் 10 பாகை செல்சியசு போதும். பனிக்கட்டி போலக் குளிர்வித்தால் நாவு மரத்துப்போகும்; குறையுள்ள வைனை விற்பவனுக்கு அதுவே வசதி.

இவ்வளவும் அறிந்து வாங்கினால் உலகம் மாறிவிடும் என்று நாம் சொல்லவில்லை. கடையில் நிற்கும் தனியொருவரின் தெரிவு, வயலில் நிற்போரின் சங்கத்துக்கு ஈடாகாது. ஆயின் தரம் என்பது செல்வர் வீட்டுச் சொத்து என்ற பொய் உடைபடும். நல்லதை நல்லதென்று அறியும் உரிமையும், அதனை ஆக்கியவர் எவர் என்று கேட்கும் உரிமையும் ஒன்றே. முதலாவதைச் சுவைஞரிடம் விட்டுக்கொடுத்து இரண்டாவதை மட்டும் நாம் வைத்துக்கொள்ள முடியாது.