வெப்ப எச்சரிக்கை மட்டும் போதுமா? அகமதாபாத் அனுபவம் சொல்வது என்ன

கோடை தொடங்கியதும் சுகாதாரத் துறைகள் வெளியிடும் அறிவுரை நாடெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் அருந்துங்கள். நண்பகல் 12 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வெயிலில் செல்வதைத் தவிருங்கள். அறிவுரையில் பிழையில்லை. ஆனால், அந்த மூன்று மணி நேரம் வேலையை நிறுத்தினால் அன்றைய கூலியை இழக்க நேரிடும் கட்டுமானத் தொழிலாளிக்கும் தள்ளுவண்டி வியாபாரிக்கும் அதைக் கடைப்பிடிக்க வழியில்லை. அவர்களுக்காக உள்ளாட்சியின் சுகாதாரத் துறை என்ன செய்ய முடியும் என்பதில் நீண்ட அனுபவம் கொண்ட நகரம், குஜராத்தின் அகமதாபாத்.

2010 மே மாதத்தில் அந்நகரில் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸை எட்டியது. இழப்பின் முழு அளவு அப்போது யாருக்கும் தெரியவில்லை. வெப்பம் தூண்டிய இறப்புகளில் பல, மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோதான் பதிவேட்டில் இடம்பெறுகின்றன. பின்னர் ஆய்வாளர்கள், அந்த மாதம் நகரில் பதிவான அனைத்து இறப்புகளையும் முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதத்துடன் ஒப்பிட்டனர். கூடுதலாக 1,344 பேர் உயிரிழந்திருந்தனர். இது 43 சதவீத உயர்வு.

இந்த அதிர்ச்சியின் விளைவாகவே 2013-ஆம் ஆண்டு தெற்காசியாவின் முதல் நகர வெப்பச் செயல்திட்டம் அங்கு உருவானது. காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகள் மாநகராட்சிக்குத் துணை நின்றன. திட்டத்தின் நடைமுறை எளிமையானது. வானிலை முன்னறிவிப்பு மாநகராட்சியின் பொறுப்பு அதிகாரிக்குச் செல்லும். அவர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிலையை அறிவிப்பார். அதன்படி நகர்ப்புறச் சுகாதார நிலையங்களும் 108 ஆம்புலன்ஸ் சேவையும் தயார்நிலைக்கு வரும். குடிநீர்ப் பந்தல்கள் அமைக்கப்படும். பூங்காக்கள் பகலிலும் திறந்திருக்கும்.

இவற்றில் அதிகம் பேசப்படாத ஒரு மாற்றம் உண்டு. மாநகராட்சியின் சாரதாபென் மருத்துவமனையில் மகப்பேறு பிரிவு மேல்தளத்தில், வெயிலில் காயும் கூரைக்கு நேர் கீழே இயங்கி வந்தது. அதைக் கீழ்த்தளத்திற்கு மாற்றிய பின், வெப்பப் பாதிப்பால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. தாய்மார்களுக்குத் துண்டுப் பிரசுரம் எதுவும் தேவைப்படவில்லை. கட்டில்கள் இடம் மாறின, அவ்வளவுதான்.

திட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என 2018-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மதிப்பீடு என்ற எச்சரிக்கையுடனேயே இதை வாசிக்க வேண்டும். எனினும், அதன் பின் பல மாநிலங்களும் நகரங்களும் அகமதாபாத்தைப் பின்பற்றின.

பின்பற்றியதில்தான் சிக்கல். 37 வெப்பச் செயல்திட்டங்களை 2023-இல் ஆராய்ந்த டெல்லியின் கொள்கை ஆராய்ச்சி மையம், எளிதில் பாதிக்கப்படுவோர் யார், எங்கே இருக்கிறார்கள் என்ற மதிப்பீட்டை இரண்டு திட்டங்கள் மட்டுமே முன்வைத்திருப்பதைக் கண்டறிந்தது. நிதி எங்கிருந்து வரும் என்பதைப் பேசியவை 11 மட்டுமே. நிதியில்லாத திட்டத்தில் மிஞ்சுவது சுவரொட்டியும் குறுஞ்செய்தியும்தான்.

நிதிக்கான தடை தேசிய அளவிலும் இருந்து வந்துள்ளது. பேரிடர் நிவாரண நிதிக்கென மத்திய அரசு அறிவித்த 12 பேரிடர்களின் பட்டியலில் குளிர் அலை இடம்பெற்றது. வெப்ப அலை இடம்பெறவில்லை. மாநிலங்கள் தாமே அறிவித்து, நிதியில் 10 சதவீதம் வரை பயன்படுத்த விதி இடமளித்தது. அவ்வகையில் தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

நிதியைக் கோர எண்ணிக்கை வேண்டும். 2024-ஆம் ஆண்டு மார்ச் 1 முதல் ஜூன் 18 வரை நாடு முழுவதும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வெப்பவாதம் இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. உறுதி செய்யப்பட்ட இறப்புகள் 110. ஒரே நகரில் ஒரே மாதத்தில் 1,344 கூடுதல் இறப்புகளைக் கண்ட நாட்டில், இந்த 110 முழுமையான கணக்கு என்று நம்புவது கடினம்.

இதைச் சரிசெய்யப் புதிய கருவிகள் தேவையில்லை. பிறப்பு, இறப்புப் பதிவேடு ஒவ்வொரு மாநகராட்சியிடமும் உள்ளது. கோடையில் நாள்தோறும் பதிவாகும் இறப்புகளை முந்தைய ஆண்டுகளுடன் சுகாதார அதிகாரி ஒப்பிட்டால், எந்த வார்டில் எண்ணிக்கை உயர்கிறது என்பது அதே வாரத்தில் தெரிந்துவிடும். அகமதாபாத்தில் அந்தக் கணக்கு, கோடை முடிந்து வெகுகாலம் கழித்தே வெளிவந்தது.