எந்த இன்ச் வேணும்?

மவுண்டன் பைக் வாங்கக் கடைக்குப் போனால் முதல் கேள்வி, "இருபத்தாறா, இருபத்தேழரையா, இருபத்தொன்பதா?" அடுத்த கேள்வி, "எத்தனை கியர்?" "உங்க உயரம் என்ன?" என்று கேட்ட கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்பது என் கட்சி.

அந்த இன்ச் கணக்கு சக்கரத்துடையது. உடம்புக்குப் பொருந்த வேண்டியதோ ஃப்ரேம். அதைப் பழைய வழக்கப்படி கிராங்க் சுழலும் அச்சிலிருந்து சீட் குழாயின் உச்சி வரை அளந்து 15, 17, 19 இன்ச் என்பார்கள். ஆக ஒரே சைக்கிளுக்கு இரண்டு இன்ச். குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்!

சரி, சக்கர இன்ச்சாவது ஒழுங்கா? டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 26-க்கு 559 மி.மீ., 29-க்கு 622 மி.மீ. இருபத்தேழரை நடுவில்தானே இருக்க வேண்டும்? அதற்கு 584. அதாவது 26-ஐ விட 25 மி.மீ. மட்டுமே பெரிது, 29-ஐத் தொட இன்னும் 38 பாக்கி. பெரிய சக்கரம் கல்லிலும் வேரிலும் சுலபமாக ஏறி உருளும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 29-ல் ஓட்டிய குல்ஹாவி தங்கம் வாங்கினார், 27.5-ல் ஓட்டிய நினோ ஷுர்ட்டர் வெள்ளி. இடைவெளி ஒரே ஒரு வினாடி. நமக்கெல்லாம் அந்த ஒரு வினாடியா பிரச்சினை? :-)

சீட் குழாய் கொஞ்சம் குட்டையாக இருந்தால் சீட்டை உயர்த்திக்கொள்ளலாம். சமாளிக்க முடியாதது 'ரீச்'. கிராங்க் அச்சிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கும் ஹேண்டில் குழாயின் உச்சிக்கும் உள்ள கிடைமட்டத் தூரம்தான் ரீச். கரடுமுரடான இறக்கத்தில் யாரும் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. பெடல் மேல் எழுந்து நிற்கிறோம். அப்போது உடம்புக்குக் கிடைக்கும் இடமே இதுதான். குறைவாக இருந்தால் உடல் எடை முன்சக்கரத்தின் மேல் போய்விடும். செங்குத்தான இடத்தில் ஹேண்டிலைத் தாண்டிக் குப்புற விழ வேண்டியதுதான். அதிகமாக இருந்தால் முன்சக்கரத்தில் எடை போதாமல் வளைவில் வழுக்கும். "சீட்டைப் பின்னால தள்ளிக்கலாம் தம்பி" என்பார்கள். எழுந்து நிற்பவனுக்கு சீட் எங்கே இருந்தால் என்ன?

எம், எல் என்று ஒட்டியிருப்பதையும் நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல்லாக இருக்கும். நல்ல கம்பெனிகள் ரீச்சை மில்லிமீட்டரில் வெளியிடுகின்றன. அதைப் பார்த்து ஒப்பிடலாம்.

கியர் கதை இன்னும் வேடிக்கை. முன்னால் 3, பின்னால் 7, ஆக 21 என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். அதில் பல கியர்கள் கிட்டத்தட்ட ஒன்றே. ஸ்ராம் கம்பெனி 2012-ல் முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 11 என்று கொண்டுவந்தது. இன்று பந்தய சைக்கிள்களில் சர்வசாதாரணம் ஒன்றுக்குப் பன்னிரண்டு.

மலிவு சைக்கிளின் முன் சஸ்பென்ஷனும் அப்படித்தான். உள்ளே பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங். எடை கூடுவதுதான் மிச்சம். நானாக இருந்தால் சாதா ஃபோர்க் போதும் என்று சொல்லி, மிச்சக் காசை பிரேக்கிலும் டயரிலும் போடுவேன்.

நம் ஊரில் பட்ஜெட் மாடல்கள் பல ஒரே ஃப்ரேம் சைஸில் மட்டும் வருகின்றன. ஐந்தடிக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் அதே சைக்கிள். செருப்பை அப்படி விற்றால் வாங்குவோமா?