தொல்காப்பியருக்கு டார்வின் பட்டம் எதற்கு?

அண்மையில் கிளிநொச்சியில் ஒரு மாணவர் விழாவுக்குப் போயிருந்தேன். டார்வினின் கூர்ப்புக் கொள்கையைத் தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டார் என்று முழங்கினார் ஒரு பேச்சாளர். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. நான் தட்டவில்லை. எதைக் கேட்டாலும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்பது பத்திரிகைத் தொழில் தந்த பழக்கம்.

மரபியலை எடுத்துப் பாருங்கள். புல், மரங்களுக்கு ஓரறிவு, எறும்புக்கு மூன்று, நண்டுக்கு நான்கு, மனிதருக்கு ஆறு எனப் புலனறிவைக் கொண்டு உயிர்கள் அங்கே வகுக்கப்பட்டுள்ளன. வியக்கத்தக்க பகுப்புத்தான். ஆனால் ஓரறிவுயிர் காலப்போக்கில் ஈரறிவுயிராக மாறிற்று என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. வரிசைப்படுத்துவது வேறு, ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றிற்று என்பது வேறு, எவ்வாறு தோன்றிற்று என விளக்குவது முற்றிலும் வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பகுப்பைத் தமது கண்டுபிடிப்பென்று தொல்காப்பியர் உரிமை கோரவில்லை. முன்பே நன்கு உணர்ந்தோர் நெறிப்படுத்தியது என்றே சொல்கிறார்.

டார்வினும் அப்படித்தான். மனிதரின் மூதாதையர் மீனொத்த உயிர்களிலிருந்து வந்தனர் என்று கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான அனக்சிமாந்தர் எண்ணினார். உயிரினங்கள் மாறுகின்றன என்று 1809இல் லாமார்க் எழுதினார். இயற்கைத் தேர்வை ஒத்த கருத்தைப் பற்றிக் மத்தியூ 1831இல் கப்பல் மரங்கள் பற்றிய நூலொன்றின் பின்னிணைப்பில் வைத்திருந்தார். 1860இல் அவர் அதைச் சுட்டிக்காட்டியபோது டார்வின் மறைக்கவில்லை, ஒப்புக்கொண்டார். 1861இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் முன்னோடிகள் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பையே சேர்த்தார். அதே முடிவைத் தனித்துக் கண்ட வாலசின் கட்டுரையும் டார்வினின் எழுத்துக்களும் 1858 ஜூலை 1 அன்று இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒன்றாகவே வாசிக்கப்பட்டன.

பிறகேன் டார்வினுக்கு இத்தனை புகழ்? சான்று! முல்லைத்தீவில் வள்ளத்தின் அடியில் ஒட்டியிருக்குமே கொட்டலசு, அந்தச் சிற்றுயிரை மட்டும் 8 ஆண்டுகள் அறுத்தும் அளந்தும் பார்த்தவர் அவர்.

இது வெறும் மேடைப் பெருமைதானே என்பீர்கள். இந்திய அறிவியல் மாநாட்டில் 2019இல் ஒரு துணைவேந்தர், டார்வினை விடத் தசாவதாரமே மேலான விளக்கம் என்றார். 2023இல் அந்நாட்டின் பத்தாம் வகுப்புத் தேசியப் பாடநூலிலிருந்து கூர்ப்பு நீக்கப்பட்டிருந்ததை 1,800க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டுக் கண்டித்தனர். எல்லாம் முன்னோர் சொல்லியாயிற்று என்ற எண்ணம் வேரூன்றினால், பாடநூல் எதற்கு என்ற கேள்வி வர நெடுங்காலம் ஆகாது.

2009க்குப் பின் தறப்பாளின் கீழிருந்து படித்து அறிவியல்நகர் வரை வந்த பிள்ளைகள் எங்கள் வன்னிப் பிள்ளைகள். அவர்களுக்குக் கைதட்டக் கற்பிக்காதீர்கள். இரணைமடுக் குளக்கட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு பறவையின் அலகு நீண்டும் இன்னொன்றினது தட்டையாகவும் இருப்பது ஏன் என்று அவர்களே கேட்கட்டும். உயிர்களை உற்றுநோக்கி வகுத்த தொல்காப்பியருக்குச் செய்யும் மரியாதையும் அதுதான்.